கொண்டை ஊசி

பண்ணாரி சோதனைச் சாவடி
ஆறு மணிக்குத்தான் திறக்கும்.
எங்களுக்கு முன்னால் ஏழு லாரி, ஒரு பால் வண்டி.
மார்கழிப் பனி கண்ணாடியில் இறங்க
வைப்பர் இழுத்துவிடும், மறுபடி பூக்கும்.
முன்னால் இவரும் தரணீஷும்.
பின்னால் நான், நடுவில் சாப்பாட்டுக் கூடை,
அந்தப் பக்கம் மிருதுளா.
கூடைதான் எங்களுக்கு எல்லைக்கல்.

பதினோரு நாளாகப் பேச்சில்லை.
அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று
சிநேகிதியோடு கோபிக்குப் போனவள்
இடுப்பு வரை இருந்ததை
ஒரு கேரிபேக்கில் போட்டுக்கொண்டு வந்தாள்.
"வேணும்னா வெச்சுக்கோம்மா" என்று நீட்டினாள்,
கால் கிலோ வெங்காயம் வாங்கி வந்தவள் மாதிரி.
நான் கத்தினேன்.
என்னவெல்லாம் கத்தினேன் என்பது
பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

கேட் தூக்கினார்கள்.
"மொத்தம் இருபத்தேழு கொண்டை ஊசி!"
பலகையைப் படித்தான் தரணீஷ்.
"மலைக்கு வேணும்னா குத்தி உடுங்க.
எனக்கு வேண்டாம்."
ஜன்னலிடம் சொன்னாள்.
இவர் சிரித்துவிட்டார்.
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும்
கியரை மாற்றினார்.

நாலாவது வளைவில்
தாளவாடி முட்டைக்கோஸ் லாரி ஒன்று
எதிரே இறங்கியது.
கிளீனர் பையன் குதித்து, "வரலாம், வரலாம்" என்று
சாண் சாணாய்த் திருப்பி எடுத்தான்.
ஒரு கோஸ் உருண்டோட
அதன் பின்னால் ஒரு குரங்கு ஓடியது.
ஒன்பதாவதில் அவள்
எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தாள்.
பன்னிரண்டில், "நிறுத்துங்கப்பா."

வண்டி முழுசாய் நிற்குமுன் கதவு திறந்தது.
நான் என் பக்கம் இறங்கிச் சுற்றி ஓடினேன்.
சுவரோரம் குனிந்திருந்தாள்.
என் கை என்னைக் கேட்காமல் முந்தியது.
எல்கேஜி வேன் காலத்திலிருந்து
ஒவ்வொரு காய்ச்சலிலும்
ஒவ்வொரு கல்யாணப் பந்திக்குப் பிறகும்
செய்து பழகிய வேலைதானே:
இடக்கையில் நெற்றி,
வலக்கையில் முடியை ஒரு சுற்றுச் சுற்றிப்
பின்னால் பிடிப்பது.
சுற்றப் போன விரல்கள்
பனியைச் சுற்றின.
அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பின்கழுத்தில் வைத்தேன்.
பத்து வருஷமாய் நான் பார்க்காத இடம்.
அங்கே ஒரு மச்சம்.
பிறந்தபோது கடுகளவு,
இப்போது மிளகு.
அவள் உதறவில்லை.
உதறத் தெம்பில்லாமலும் இருந்திருக்கலாம்.

"தண்ணி" என்றாள்.
எனக்குத்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் யாருமில்லை,
இலை இலையாய்க் கோஸ் உரிக்கும்
இன்னொரு குரங்கைத் தவிர.

திம்பத்தில் டீ.
எது மூடுபனி, எது பஜ்ஜிச் சட்டிப் புகை
என்று பிரிக்க முடியாத கடை.
"பின்கழுத்து சில்லுங்குது" என்றாள்.
என் நாக்கு நுனியில்
ஒரு வாக்கியம் வந்து நின்றது.
டீயோடு விழுங்கினேன்.
சுட்டது.
என் தோளிலிருந்த சால்வையை
அவளே உருவிக்கொண்டாள்.

ஆசனூரில் மான் பார்த்தோம்.
அரிசியும் பருப்பும் சோற்றை
ஆறவிட்டுச் சாப்பிட்டோம்.
யானை வரவில்லை.
தரணீஷ் அழுத அழுகைக்கு
ரோட்டோர லத்தியைக் காட்டி
"இதும் ஆனைதான்டா" என்றார் இவர்.

இறங்கும்போது எண்கள் பின்னோக்கி வந்தன.
கூடை எப்போது டிக்கிக்குப் போனதென்று
நான் கவனிக்கவில்லை.
பதினெட்டில் அவள் தலை என் மேல் சாய்ந்தது,
வாய் திறந்த தூக்கம்.
நெல் அறுத்த வயலில்
செருப்பில்லாமல் நடந்தால் தாள் குத்துமே,
அப்படிக் குத்தியது கன்னத்தில் அந்த முடி.
ஒவ்வொரு வளைவிலும்
இன்னும் கொஞ்சம் அழுந்திக் குத்தியது.
நகரவில்லை நான்.

பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில்
அந்தக் கேரிபேக் இருப்பது
இவருக்குக்கூடத் தெரியாது.